ஓய்வுப் பணம் கைக்கு வந்த பிறகு: வட்டியா, ஆன்யுட்டியா, முதலீடா, வாடகையா?

"மொத்தமாப் பணம் வந்தாச்சு. இனிமே மாசச் சம்பளம் கிடையாது. இதை எதுல போடலாம்?"

ஓய்வு பெற்றவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த மூன்று வரிதான். கேட்பவர் பெரும்பாலும் வீட்டில் கணக்குவழக்கு பார்க்கிறவர். அவருடைய துணை பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்தப் பேசாத ஆளை மனதில் வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எடுத்த எடுப்பிலேயே "எது அதிகம் தரும்?" என்று போய்விட்டால் வழி தவறிவிடும். சம்பாதிக்கிற காலத்தில் அது சரியான கேள்வி. எடுத்துச் சாப்பிடுகிற காலத்தில் கேள்வி வேறு: எந்தப் பயத்துக்கு எது காவல்?

## முதலில் ஒரு தாள்

முதலீட்டுத் திட்டங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், இல்லாமல் முடியாத செலவு: சாப்பாடு, மருந்து, மின்சாரம், குடியிருப்பு, காப்பீட்டுப் பிரீமியம். வலப்பக்கம், தள்ளிப்போடக் கூடியவை: பயணம், புது வண்டி, பிள்ளைகளுக்குக் கொடுப்பது. நிரந்தர ஓய்வூதியமோ வேறு நிச்சய வருமானமோ ஏற்கெனவே வருகிறதென்றால் இடப்பக்கத்திலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் நிஜமான பள்ளம். பலருக்கு அந்தப் பள்ளம் நினைத்ததைவிடச் சின்னது. சிலருக்கு நினைத்ததைவிடப் பெரிது. அவர்கள் மேற்கொண்டு படிப்பதற்கு முன் இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்க வழியிருக்கிறதா என்று யோசிப்பது நல்லது. அதைவிட லாபமான முதலீடு எனக்குத் தெரிந்து இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

எத்தனை வருஷம் தாங்க வேண்டும். "நான் என்ன, எண்பது வரை இருப்பேனா" என்று எல்லோரும் சொல்வதுதான். ஆனால் கணக்கு ஒரு ஆளுக்கு இல்லை, இருவரில் கடைசியாக இருப்பவருக்கு. ஒருவர் தொண்ணூறைத் தொட 30 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், இருவரில் ஒருவராவது தொடுவதற்கு 51 சதவீதம். பாதிக்குப் பாதி.

விலைவாசி. 72-ஐப் பணவீக்கத்தால் வகுத்தால், பணத்தின் மதிப்பு பாதியாக எத்தனை வருஷம் ஆகும் என்று கிடைக்கும். 6 சதவீதம் என்றால் 12 வருஷம். 3 சதவீதம் என்றாலும் 24 வருஷம்தான். ஓய்வுக் காலம் அதைவிட நீளமாகவே இருக்கலாம்.

அவசரத்துக்கு உடைக்க முடியுமா. ஆஸ்பத்திரிச் செலவு தவணையில் வருவதில்லை.

ஆரம்ப வருஷங்கள். பணம் போடும்போது சந்தை சரிந்தால் மலிவாக வாங்கலாம். பணம் எடுக்கும்போது சரிந்தால் மலிவாக விற்க வேண்டிவரும். அதுவும் முதல் ஐந்தாறு வருஷத்தில் சரிந்தால் பாதிப்பு பெரிது.

எண்பத்தைந்து வயதில் யார் நடத்துவது. ஒப்பீட்டுப் பட்டியல்களில் இந்த வரியை நான் அதிகம் பார்த்ததில்லை. என் பெரியப்பா பங்கு, ஃபண்டு எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். எட்டு ஃபண்டு, மூன்று வங்கி, வருஷா வருஷம் எதை விற்று எதை வைப்பது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஒருநாள் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. அவருடைய போனை என்னிடம் நீட்டி, "இதுல எதை அமுக்கணும்பா?" என்று பெரியம்மா கேட்டார். திரையில் ஒன்பது புள்ளிகள். அவற்றை எந்த வரிசையில் இணைப்பது என்று தெரிந்த ஒரே ஆள் கட்டிலில் எங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நல்ல முதலீடு, நல்ல வருமானம். ஏழு மாதம் வீட்டுச் செலவுக்குக் கைமாற்று.

## வழி 1: டெபாசிட்டில் போட்டு வட்டியில் வாழ்வது

பழக்கமான வழி, எவருக்கும் புரியும். முதல் அப்படியே இருக்கிறது என்ற நிம்மதி பெரிய விஷயம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். பிடித்தம் கொஞ்சம் போனாலும் அவசரத்துக்கு உடைக்கலாம். நாமினி சரியாக இருந்தால் துணைக்குப் பணம் போய்ச் சேருவதும் சுலபம்.

சிக்கல், "முதலைத் தொடவில்லை" என்ற அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. கையில் 100 இருக்கிறது, வட்டி 7 சதவீதம், விலைவாசி ஏற்றம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் 7 வருகிறது, 7-ஐயும் செலவழிக்கிறோம். இருபது வருஷம் கழித்தும் அதே 7 வரும். ஆனால் அது இன்றைய கணக்கில் 2.64-க்குத்தான் பொருள் வாங்கும். அந்த 7-இல் உண்மையான வருமானம் சுமார் 2. மீதி 5, விலைவாசி அரிப்புக்கு ஈடாக வந்த தொகை. அதையும் செலவழித்தால் முதலைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறோம். பாஸ்புக்கில் எண் மாறாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு மறைமுகச் செலவு, புதுப்பிக்கும் நாளில் காத்திருக்கிறது. 8 சதவீதத்துக்குப் போட்ட டெபாசிட் முதிரும்போது வட்டி 6-க்கு வந்திருந்தால், மாத வருமானத்தில் கால் பங்கு ஒரே நாளில் போய்விடும். மொத்தத்தையும் ஒரே டெபாசிட்டாகப் போடாமல் ஐந்தாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒன்று முதிரும்படி அமைத்தால் இந்த அடி சிதறிப்போகும். வங்கி டெபாசிட்டுகளுக்கு அரசு தரும் காப்பீட்டுக்குப் பல நாடுகளில் உச்சவரம்பு உண்டு என்பதால், ஒரே வங்கியில் குவிக்காமல் இருப்பதும் நல்லது. வட்டிக்கு வரி போக மிஞ்சுவது எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எப்போது சரி: பணம் தேவையைவிடத் தாராளமாக இருந்து, வட்டியில் பாதியைத் திரும்பப் போட முடிகிறவர்களுக்கு. எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு. தவிர, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு வருஷச் செலவுப் பணத்தை நிறுத்திவைக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

## வழி 2: ஆயுள்வரை மாதப் பணம் தரும் ஆன்யுட்டி

இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறோம். உயிரோடு இருக்கும்வரை அது மாதா மாதம் தருகிறது. "சீக்கிரம் செத்துட்டா பணம் அவங்களுக்கா?" என்று உடனே எல்லோரும் கேட்பார்கள். ஆமாம், அவர்களுக்குத்தான். ஆனால் அந்தப் பணத்தில்தான் நீண்ட நாள் இருப்பவர்களுக்கு மாதப் பணம் போகிறது.

எண்பது வயதுக்காரர்கள் நூறு பேர் ஆளுக்கு 100 போட்டு ஒரு பானையில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10,000. வருஷ முடிவில் ஐந்து பேர் இல்லை. மீதித் தொண்ணூற்றைந்து பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 105.26. வட்டியே இல்லாமல் 5 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. தனியாளாக முதலீடு செய்து இதைப் பெற எந்த வழியும் இல்லை. அறுபது வயதில் வருஷத்துக்கு இறப்பவர்கள் குறைவு, அதனால் இந்தக் கூடுதலும் குறைவு. வயது ஏற ஏற ஆன்யுட்டி பலன் கூடுவதன் காரணம் இதுதான்.

பிரான்ஸில் ஒரு கதை உண்டு, நிஜமாக நடந்தது. 1965-இல் ஆர்ல் நகரத்து நோட்டரி ஒருவர், தொண்ணூறு வயது ஜீன் கால்மென்ட் அம்மையாரிடம் ஒப்பந்தம் போட்டார்: உங்கள் ஆயுள்வரை மாதம் பணம் தருகிறேன், உங்களுக்குப் பிறகு வீடு எனக்கு. நோட்டரிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. 1995-இல் அவர் இறந்துபோனார், வீடு கைக்கு வராமலேயே. அவர் குடும்பம் தொடர்ந்து பணம் கட்டியது. கால்மென்ட் 1997-இல், 122 வயதில் காலமானார். நீண்ட ஆயுள் என்ற அபாயத்தை ஒரு தனி மனிதர் தலையில் ஏற்றினால் இப்படித்தான் ஆகும். ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பகிர்ந்தால் அதுவே தாங்கக்கூடியது.

பொருளாதார வல்லுநர் மெனாஹெம் யாரி 1965-லேயே காட்டிவிட்டார்: வாரிசுக்கு விட்டுப்போகும் எண்ணம் இல்லாத ஒருவருக்கு, கோட்பாட்டளவில் ஆன்யுட்டிதான் சிறந்த வழி. ஆனாலும் மக்கள் வாங்குவதில்லை. இது நிதியியலில் தனிப் புதிர் என்றே பெயர் பெற்றது. 1985-இல் ஃப்ராங்கோ மோடிலியானி தன் நோபல் உரையில்கூட இதைப் பற்றிப் பேசினார். எனக்கு இது பெரிய புதிராகத் தெரியவில்லை. கையில் இருக்கும் பணத்தைத் திரும்ப வாங்க முடியாதபடி கொடுப்பது யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஒருமுறை வாங்கினால் பொதுவாக உடைக்க முடியாது. வாங்கிய நாளின் வட்டிவிகிதம் ஆயுள் முழுக்கக் கூடவே வரும்.

படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

"ஒருவர் ஆயுள்வரை" என்ற கட்டத்தில் மாதத் தொகை அதிகமாகத் தெரியும். அந்த ஒருவர் போனால் துணைக்கு ஒன்றுமில்லை. "இருவர் ஆயுள்வரை" என்பதில் தொகை குறையும். தம்பதி என்றால் நான் இதைத் தவிர வேறு எதையும் பரிந்துரைப்பதில்லை.

"முதலை வாரிசுக்குத் திருப்பித் தரும்" திட்டத்தைத்தான் ஏஜென்ட்டுகள் உற்சாகமாக விற்பார்கள். கேட்க இனிக்கும். ஆனால் மேலே சொன்ன பானைக் கணக்கை நினைத்துப் பாருங்கள்: இறப்பவர் தன் பங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டால், இருப்பவர்களுக்குப் பிரிக்க என்ன மிஞ்சும்? கிட்டத்தட்ட, இது ஆயுள்வரை உடைக்க முடியாத டெபாசிட். வட்டி குறையாது என்ற நன்மை உண்டு, அதற்கு மேல் இல்லை.

"வருஷா வருஷம் கூடும்" வகை மிகக் குறைந்த தொகையில் தொடங்கும். பார்த்ததும் மனசு ஒப்பாது. நிலையான தொகையை வாங்கினால், 4 சதவீத விலைவாசியில் இருபது வருஷம் கழித்து 100-இன் மதிப்பு 46 ஆகிவிடும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

எப்போது சரி: தாளின் இடப்பக்கத்துப் பள்ளத்தை மூடுவதற்கு, அதற்கு மட்டும். குடும்பத்தில் நீண்ட ஆயுள் உள்ளவர்களுக்கு. பிள்ளைகள் தொழிலுக்குப் பணம் கேட்டால் மறுக்கத் தெரியாதவர்களுக்கும்தான்; கொடுத்த பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பது அங்கே வரம். கடும் நோய் இருப்பவர்களுக்கு வேண்டாம்.

## வழி 3: பங்கு, பத்திரம் கலந்து வைத்து, எடுத்துச் செலவழிப்பது

மொத்தப் பணத்தையும் பங்கு ஃபண்டுகளிலும் கடன் பத்திரங்களிலும் பிரித்துப் போட்டு, தேவைக்கு மாதா மாதம் விற்று எடுக்கிறோம். விலைவாசியோடு போட்டி போட இதற்குத்தான் தெம்பு உண்டு. எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். மிச்சம் வாரிசுக்கு.

எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்விக்கு "4 சதவீதம்" என்று ஒரு பதில் உலவுகிறது. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தையின் 1926 முதலான கணக்கை எடுத்துப் பார்த்தார். முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனாலும், எந்த வருஷம் ஓய்வு பெற்றிருந்தாலும் பணம் முப்பது வருஷம் தாங்கியது என்று கண்டார். நல்ல ஆய்வுதான். ஆனால் அது அமெரிக்கச் சந்தை, முப்பது வருஷம், கட்டணம் ஏதும் கழிக்காத கணக்கு. ஜப்பானின் நிக்கேய் பங்குச் சந்தைக் குறியீடு 1989 முடிவில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். அங்கே 1989-இல் ஓய்வு பெற்று மொத்தத்தையும் பங்கில் வைத்திருந்தவரிடம் போய் 4 சதவீதம் என்று சொல்ல முடியாது.

அதிர்ஷ்டத்தின் வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இருவரிடமும் 100. வருஷத் தொடக்கத்தில் இருவரும் 6 எடுக்கிறார்கள். சந்தை ஒருவருக்கு முதல் வருஷம் 30 சதவீதம் இறங்கி, பிறகு 10 ஏறி, பிறகு 35 ஏறுகிறது. மற்றவருக்கு அப்படியே தலைகீழ்: 35, 10, கடைசியில் 30 இறக்கம். பணமே எடுக்காமல் இருந்தால் இருவரிடமும் ஒரே தொகை, 103.95. எடுத்ததால் முதலாமவரிடம் 80.7, இரண்டாமவரிடம் 88.9. மூன்றே வருஷத்தில் 8 வித்தியாசம், இருவரும் ஒரு தப்பும் செய்யாமலே.

இதற்கு மருந்து, இரண்டு மூன்று வருஷச் செலவை டெபாசிட்டில் தனியாக வைத்து, சந்தை இறங்கிய வருஷத்தில் பங்கை விற்காமல் அதிலிருந்து எடுப்பது. கூடவே, அந்த வருஷம் வலப்பக்கச் செலவைச் சுருக்கும் மனசு.

மறைமுகச் செலவு கட்டணம். ஃபண்டுக்கும் ஆலோசகருக்குமாக 1 சதவீதம் போகிறது என்றால் சின்னதாகத் தெரியும். நீங்கள் எடுப்பதே 4 என்னும்போது, அது உங்கள் வருமானத்தில் கால் பங்கு.

இன்னொரு செலவு பெரியப்பா வீட்டில் பார்த்ததுதான். இந்த வழிக்கு ஓட்டுநர் வேண்டும். அவருடைய புத்தி தெளிவாக இருக்க வேண்டும், சந்தை சரியும்போது பதறக் கூடாது, அவருக்குப் பின் வண்டியை எடுக்க இன்னொருவர் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது சரி: அடிப்படைச் செலவுக்கு வேறு வருமானம் இருந்து, மேற்கொண்டு பணம் இருப்பவர்களுக்கு. ஐம்பதுகளிலேயே ஓய்வு பெற்று, நாற்பது வருஷம் தாங்க வேண்டியவர்களுக்கு இது இல்லாமல் முடியாது.

## வழி 4: வீடு வாங்கி வாடகைக்கு விடுவது

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை விரும்புகிறவர்கள் நான் என்ன சொன்னாலும் வாங்கத்தான் போகிறார்கள். வாடகை விலைவாசியோடு ஏறும், அது நிஜமான பலம். ஆனால் வீட்டு மதிப்பு 100, வருஷ வாடகை 4 என்றால், வருஷத்துக்கு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 0.33 போயிற்று, பராமரிப்பு 1, வரி, காப்பீடு, தரகு 0.3. கையில் நிற்பது இரண்டரைக்கும் கீழே. மொத்தப் பணமும் ஒரே கட்டடத்தில். ஆபரேஷனுக்குப் பணம் வேண்டுமென்றால் மாடிப்படியை மட்டும் தனியாக விற்க முடியாது. எண்பது வயதில் குழாய் ஒழுகுகிறது என்று குடித்தனக்காரர் இரவில் கூப்பிடுவார்.

எப்போது சரி: வீடு ஏற்கெனவே இருந்து, குடித்தனம் வைத்துப் பழகியிருந்தால். ஓய்வுப் பணத்தைக் கொட்டிப் புதிதாக வாங்குவதை நான் தவிர்ப்பேன். கடன் சேர்த்து வாங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

## ஒரே பார்வையில்

| | டெபாசிட் வட்டி | ஆன்யுட்டி | பங்கு, பத்திரக் கலவை | வாடகை வீடு |
|---|---|---|---|---|
| ஆயுள் நீண்டால் | கரையும் | தாங்கும் | சந்தையைப் பொறுத்தது | தாங்கும் |
| விலைவாசி ஏறினால் | பலவீனம் | கூடும் வகை தவிர, பலவீனம் | பலம் | பலம் |
| அவசரத்துக்கு | கிடைக்கும் | கிடைக்காது | கிடைக்கும், நஷ்டத்திலும் இருக்கலாம் | மாதங்கள் ஆகும் |
| முதல் வருஷங்களில் சரிவு | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | பெரிய அடி | மதிப்பு இறங்கலாம், வாடகை அவ்வளவு இறங்காது |
| மறைமுகச் செலவு | விலைவாசி, புதுப்பிக்கும் நாள் | திரும்பப் பெற முடியாமை | கட்டணம், பதற்றம் | காலி மாதம், பழுது |
| துணை தனியாக நடத்த | சுலபம் | மிகச் சுலபம் | கடினம் | கடினம் |

## கலப்பது எப்படி

ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2015 வரை பிரிட்டனில் பெரும்பாலானவர்கள் தங்கள் ஓய்வுச் சேமிப்பைக் கொண்டு ஆன்யுட்டி வாங்கவே வேண்டியிருந்தது. விதி தளர்ந்ததும் அதை வாங்குபவர் எண்ணிக்கை விழுந்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதுதான் மனித சுபாவம் போலிருக்கிறது.

நான் செய்யும் வரிசை இது. முதலில் இரண்டு வருஷச் செலவு டெபாசிட்டில். அடுத்து இடப்பக்கத்துப் பள்ளத்தில் சுமார் பாதிக்கு இருவர் ஆயுள்வரை ஆன்யுட்டி, அதுவும் ஒரே தடவையில் இல்லாமல் அறுபதில் கொஞ்சம், அறுபத்தைந்தில் கொஞ்சம், எழுபதில் கொஞ்சம் என்று. வட்டிவிகிதம் தாழ்ந்திருக்கும் நாளில் மொத்தத்தையும் பூட்டிக்கொள்ளாமல் தப்பலாம். வயது கூடுவதால் தொகையும் கூடும். மீதி இரண்டு மூன்று எளிய ஃபண்டுகளில். எட்டு வேண்டாம். எழுபத்தைந்துக்கு மேல் அந்த ஃபண்டுகளிலிருந்தும் மெல்ல மெல்ல எளிய பக்கத்துக்கு நகர்த்திவிடுவேன், வருமானம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

பணம் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் கைப்பணத்தை ஆன்யுட்டியில் பூட்டவே கூடாது. அவசரத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது. டெபாசிட்தான் அவர்களுக்கு.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சோதனை மட்டும் வைத்துப் பாருங்கள். வீட்டில் கணக்குப் பார்க்கிறவர் ஒரு மாதம் எதையும் தொடக் கூடாது. துணைதான் பணம் எடுக்க வேண்டும், பில் கட்ட வேண்டும், முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிக்க வேண்டும். போன மாதம் எங்கள் வீட்டில் இதைச் செய்தோம். நான் எழுதிவைத்த ஒரு பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு என் மனைவி ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரு மதியத்தில் முடித்துவிட்டார். மாட்டிக்கொண்ட இடம் ஒன்றுதான். ஃபண்டிலிருந்து பணம் எடுக்கும் ஓடிபி என் போனுக்கு வந்தது. நான் விதிப்படி வாயைத் திறக்கவில்லை. "அப்ப நீங்க இல்லேன்னா இது எனக்கு இல்லையா?" என்றார். மறுநாள் காலையில் அந்தக் கணக்கை இருவர் பெயருக்கும் மாற்ற விண்ணப்பம் வாங்கிவந்தோம்.